உத்திரம் விழும் நிதியாண்டு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு, சுக்குக் கிடங்குகளான பாண்டிகசாலைகளுக்குப் பின்புறம், காயலைப் பார்த்தபடி எட்டு அறைகள் கொண்ட ஒரு லைன் வீடு இருக்கிறது. அதன் மூன்றாம் எண் அறையில் சந்தனமாரியும் அவள் கணவன் தங்கதுரையும் குடியிருந்தார்கள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கொச்சிக்கு வந்து இருபத்திரண்டு வருடம். அவள் பாண்டிகசாலையில் சுக்கு தரம் பிரிப்பவள். அவன் சுமட்டுத் தொழிலாளி. லாரியிலிருந்து மூட்டைகள் சரிந்து இடுப்பு முறிந்த நாள் முதல், இரண்டு வருடமாகக் கட்டிலில் படுத்திருப்பவன். பத்துக்குப் பன்னிரண்டடி அறையில் கட்டில் போட ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அந்த இடத்துக்கு நேர் மேலே உத்திரம்.

உத்திரத்தைக் கரையான் தின்றிருந்தது. தோப்பும்படியிலிருந்து வந்த ஆசாரி ஏணியில் ஏறி, உளியின் பின்பக்கத்தால் தட்டினார். மரத்தைத் தட்டினால் வரவேண்டிய சத்தம் வரவில்லை. பொரிப் பொட்டலத்தைத் தட்டியதுபோல் இருந்தது.

"சேச்சி, இது அடுத்த மழையைத் தாங்காது. புதுசு போடணும். மரம், கூலி எல்லாம் சேர்த்து பதினாலாயிரம்."

பதினாலாயிரம் அவளிடம் இருந்தது. சீட்டு எடுத்து வைத்திருந்தாள். ஆகவே இந்தக் கதை இந்த இடத்திலேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த லைன் வீட்டில் ஒரு ஆணி அடிப்பதற்கும் உடைமையாளரின் எழுத்துமூலமான அனுமதி வேண்டும் என்று வாடகைச் சீட்டின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்தது. ஏழாம் அறையில் முன்பு இருந்தவர் காலண்டர் மாட்ட ஆணி அடித்தார். ஆணியும் காலண்டரும் அங்கேயே இருக்கின்றன, அவர் இல்லை.

உடைமையாளர் ஒரு ஆள் அல்ல. கொச்சித் துறைமுகக் கூலியாளர் சேமநல நிதி. வெள்ளைக்காரன் காலத்தில், 1911இல், கப்பலில் ஏற்றி இறக்கும் கூலிகளுக்குக் கூரையும், அவர்கள் செத்தால் பெண்டாட்டிகளுக்கு நிவாரணமும் கொடுப்பதற்காகத் தொடங்கியது. கூலிகளின் காசை உள்ளூர் அதிகாரிகள் தின்றுவிடுவார்களோ என்ற கவலை அன்றைய ஆட்சிக்கு இருந்தது. ஆகவே நிதியின் ஒவ்வொரு செலவும் ஆண்டு மதிப்பீட்டில் சேர்க்கப்பட்டு, சென்னை வழியாக லண்டன் போய், அங்கே இந்திய விவகாரங்களுக்கான பிரிட்டிஷ் மந்திரியான 'இந்திய மந்திரி' பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே நடக்கவேண்டும் என்று விதி செய்தார்கள். அலுவலகத்தின் சொந்தச் செலவு மட்டும் விலக்கு. அது செயலாளரின் விருப்பம். இந்த விலக்கைத் தவிர நிதி இன்றுவரை எதையும் அனுபவித்ததில்லை. முன்புறத்துப் பாண்டிகசாலையைச் சுற்றுலாப் பயணிகளின் காப்பிக்கடைக்கு வாடகைக்கு விட்டதில் மூன்று கோடி ரூபாய் வங்கியில் தூங்குகிறது.

சந்தனமாரி ஜனவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அரைநாள் கூலியை விட்டுவிட்டு அந்த அலுவலகத்துக்குப் போனாள். உள்ளே நல்ல குளிர். தட்டச்சு மேசையில் மெஹருன்னிசா இருந்தாள். மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். பேசுவது தமிழ், எழுதுவது மலையாளமும் இங்கிலீஷும். அவளுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள் செயலாளர் நீலகண்டன். பாலக்காட்டுக்காரர். மரியாதை தெரிந்தவர். சந்தனமாரியை உட்காரச் சொன்னார். சாயா வரவழைத்தார்.

"காசு நானே தாரேன் சாரே. அனுமதி மட்டும் எழுதிக் குடுங்க," என்றாள் அவள்.

"ரொம்ப சந்தோஷம்மா. ஆனா அந்தக் காசை எந்தத் தலைப்புல வாங்கறது? நம்ம மதிப்பீட்டுல வரவுக்கு ஏழு தலைப்பு. 'குடியிருப்பவர் தானே தரும் உத்திரம்'னு ஒண்ணு இல்லை. புதுத் தலைப்பு திறக்கணும்னா லண்டன் அனுமதிக்கணும்."

"லண்டனா?"

"இந்திய மந்திரி."

"இப்ப நம்ம ஆளுங்கதான சாரே ஆட்சி?"

"ஆட்சி மாறித்து. விதி மாறலை. விதியை மாத்தற அதிகாரம் யாருக்குன்னு பதினேழாம் விதி சொல்றது. இந்திய மந்திரிக்கு. அவர் இருந்தப்போ யாரும் மாத்தச் சொல்லிக் கேக்கலை. இப்போ கேக்கலாம்னா அவர் இல்லை."

"இல்லைன்னா?"

"அந்தப் பதவியை 1947ல எடுத்துட்டா."

மெஹருன்னிசாவின் தட்டச்சு ஒரு நிமிடம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

"அப்ப யாரு சாரே கையெழுத்துப் போடுவா?"

நீலகண்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நெடுநாள் சுமந்த பாரத்தைப் பற்றிப் பேசுகிற குரல் வந்தது. "அதுதான் நிர்வாகத்தோட கஷ்டம், கேட்டேளா? சுதந்திரம் கிடைச்ச வருஷத்துலேர்ந்து ஒரு வருஷம்கூட நாங்க மதிப்பீடு அனுப்பத் தவறினதில்லை. சென்னைக்கு அனுப்பறோம், ஆள் இல்லைன்னு திரும்பி வரும். 'சென்னை வழியாகச் சென்றது'ன்னு முத்திரை குத்தி லண்டனுக்கு அனுப்பறோம். அங்க ஏதோ ஒரு ஆவண நூலகத்துல வாங்கிக்கறா. 'பெறப்பட்டது, நன்றி'ன்னு ஒரு கார்டு வரும். எழுபது சொச்சம் கார்டு இருக்கு எங்கிட்ட. உலகத்துல எந்த ராஜ்யமும் இத்தனை விசுவாசமான கணக்கை வாங்கியிருக்காது. வாங்கிப் பார்க்க ஆள் இல்லைங்கறது நம்ம தப்பில்லையே?"

அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். லண்டனுக்குப் போகும் எந்தத் தொகையும் பழைய விகிதப்படி, பதினைந்து ரூபாய்க்கு ஒரு பவுன் என்று மாற்றப்பட வேண்டும்.

"தொள்ளாயிரத்து முப்பத்து மூணு பவுன், ஆறு ஷில்லிங், எட்டு பென்ஸ்." தாளை அவள் பக்கம் திருப்பினார். "1911ல இந்த லைன் வீட்டைக் கட்டினதே இதுல பாதிக்கு. ஒத்தை உத்திரத்துக்கு இவ்வளவுன்னு எழுதினா அங்க இருக்கறவா என்ன நினைப்பா? கொச்சியில களவுன்னு நினைப்பா. நாம இத்தனை வருஷம் காப்பாத்தின மானம் என்ன ஆறது?"

அங்கே இருக்கிறவர்கள் யாரும் இல்லை என்று அவர் சற்று முன்புதான் சொன்னார் என்பது சந்தனமாரிக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் சாயா வாங்கிக் கொடுத்தவரை எதிர்த்துப் பேச அவளுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். தங்கதுரை மல்லாந்து படுத்தபடி கேட்டான்.

"ஆபீஸ்ல ஏசி மாட்டியிருக்கானுவளே, அதுக்கு லண்டன்ல கேட்டானுவளாமா?"

"அது ஆபீஸ் செலவாம். அதுக்கு வேற விதியாம்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பில் வலிக்கும். வலித்தது. அப்படியும் சிரித்தான்.

பிப்ரவரியில் மதிப்பீட்டுக் கூட்டம் நடந்தது. உத்திரம் குறித்து நேரில் விளக்கம் அளிக்கும்படி சந்தனமாரிக்குக் கடிதம் வந்தது. இன்னொரு அரைநாள் கூலி போனது. கூட்டத்தில் நீலகண்டனும் தணிக்கையாளர் வர்க்கீஸும் இருந்தார்கள். வர்க்கீஸ் இடப்பள்ளிக்காரர்; ஓய்வுபெற்ற பிறகு இந்த வேலைக்கு வந்தவர். ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"நிங்ஙள் பறயறது, உத்திரம் விழும். சரி. எந்த நிதியாண்டில் விழும்?" என்று கேட்டார்.

"எனக்கு எப்படி சாரே தெரியும்?"

"தெரியணுமல்லோ. மார்ச் முப்பத்தொண்ணுக்கு முன்ன விழுந்தால் அது இந்த வருஷச் செலவு. போன வருஷமே மதிப்பீட்டில் சேர்த்திருக்கணும், இனி சேர்க்க முடியாது. ஏப்ரல் ஒண்ணுக்கு அப்புறம்னா அடுத்த வருஷம். அப்போ தேதி வேணும். தேதி இல்லாத செலவை எப்படி எழுதும்?"

"ஆசாரி மழைக்குத் தாங்காதுன்னார்."

"மழை ஒரு தேதி அல்ல."

நீலகண்டன் இடையில் புகுந்து சமாதானமாகச் சொன்னார். "அம்மா, ஒரு உத்தேசமா சொல்லுங்கோ. நாங்க உங்களுக்கு உதவத்தானே இருக்கோம்."

சந்தனமாரி யோசித்தாள். ஒரு தேதியைச் சொன்னால், அந்தத் தேதிக்குத் தன் புருஷன்மேல் உத்திரம் விழ வேண்டும் என்று தானே கேட்டதாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. "தெரியாது சாரே," என்றாள். 'விழும் காலம் குறித்துக் குடியிருப்பவர் தெளிவுபடுத்தவில்லை' என்று குறிப்பு எழுதப்பட்டது. அதில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

அன்று மாலையே அவள் தோப்பும்படி மரக்கடைக்குப் போய் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு கமுகு மரம் வாங்கினாள். பக்கத்து அறை அங்கம்மாளும் அவளுமாகத் தூக்கிவந்து, கட்டிலையொட்டி உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்தார்கள். ஆணி அடிக்கவில்லை. சுவரைத் தொடவில்லை. விதியில் எதையும் மீறவில்லை என்று அங்கம்மாள் உறுதியாகச் சொன்னாள். தங்கதுரைக்கு அந்த முட்டு மிகவும் பிடித்துப்போயிற்று. அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரப் பழகினான். இரண்டு வருடத்தில் முதல்முறையாக, யாருடைய கையும் இல்லாமல் உட்கார்ந்து கஞ்சி குடித்தான்.

ஆறு வாரம் அப்படிப் போயிற்று.

மார்ச் கடைசியில் வர்க்கீஸ் இருப்புச் சரிபார்க்க வந்தார். ஒவ்வொரு அறையாகக் கதவு, ஜன்னல், உத்திரம், ஓடு என்று பதிவேட்டைப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்தவர், மூன்றாம் அறையில் நின்றுவிட்டார்.

"இது எங்ஙனெ வந்தது? ரெஜிஸ்டரில் காணலையே?"

"நான் வாங்கி வச்சது சாரே," என்றாள் சந்தனமாரி. "என் சொந்தக் காசு."

"கட்டடத்தைத் தாங்கி நிக்கிற சாதனம் கட்டடத்தோட பாகம். கட்டடம் நிதியோடது. அப்போ இது நிதியோட சொத்து. நிதியோட சொத்து ரெஜிஸ்டரில் இல்லைன்னா அது உபரி. உபரிக்கு வரவு காட்டணும். வரவு காட்டத் தலைப்பு இல்ல."

கட்டிலிலிருந்து தங்கதுரை சொன்னான். "சாரே, அதை எடுத்தா மேல இருக்கிறது கீழ வரும்."

வர்க்கீஸ் அவனை இரக்கத்தோடுதான் பார்த்தார். "வந்தால் நஷ்டக் கணக்கில் எழுதலாம், கேட்டோ. நஷ்டத்துக்குக் கணக்கில் இடம் உண்டு. உபரிக்கு இல்ல."

மறுநாள் இரண்டு ஆட்கள் வந்து கமுகு மரத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் 'உபரி – 1' என்று சீட்டுக் கட்டி, லண்டன் முடிவு வரும்வரை அலுவலகக் கிடங்கில் வைத்தார்கள். இனி அறையில் பதிவேட்டில் இல்லாத எந்தச் சாதனமும் காணப்பட்டால் ஏழு நாளில் காலி செய்ய வேண்டும் என்று கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள்.

தங்கதுரை மறுபடி படுத்தே கஞ்சி குடித்தான். பாதி கழுத்தில் வழிந்தது.

"விடு, வேற வீடு பாப்போம்," என்றான்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எல்லோரும் ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்று அட்வான்ஸ் கேட்டார்கள். படுத்த படுக்கையாக ஆள் உண்டு என்றதும் சிலர் கதவைச் சாத்தினார்கள். ஜூன் முதல் வாரத்தில் தோப்பும்படியில் ஒரு மீன்கடைக்காரர், பத்தாயிரம் போதும், ஜூலை ஒன்றாம் தேதி வாருங்கள் என்றார். அதுவரை கட்டிலைக் கதவுப் பக்கமாக இழுத்துப் போட்டாள். சாரல் அடித்ததில் அவனுக்குச் சளி பிடித்து இருமத் தொடங்கினான். இருமினாலும் இடுப்பில் வலிக்கும். பழைய இடத்துக்கே தள்ளச் சொன்னான்.

"பன்னண்டு நாளுதான. தாங்கும்."

ஜூன் பத்தொன்பதாம் தேதி, பிற்பகல் மூன்று மணி. இரண்டு நாளாக விடாத மழை. சந்தனமாரி பாண்டிகசாலையில் சுக்கு முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அங்கம்மாள் தலையில் ஒன்றும் போடாமல், நனைந்துகொண்டே வாசலில் வந்து நின்றாள். சந்தனமாரி முறத்தைக் கீழே வைத்தாள். நல்ல சுக்கு ஒரு பக்கம், பூச்சி அரித்தது ஒரு பக்கம் என்று பிரித்திருந்ததைக் கலைத்துவிடாமல் வைத்தாள். பிறகு எழுந்து ஓடினாள்.

அவள் போனபோது ஓடுகளை எடுத்துவிட்டிருந்தார்கள். உத்திரத்தை எடுப்பது சிரமமாக இல்லை. உள்ளே ஒன்றுமில்லாமல் அவ்வளவு லேசாக இருந்தது. ஓடுகளும் சுவரின் மேற்பகுதியும்தான் கனம். தங்கதுரையின் முகத்தில் ஒரு காயமும் இல்லை. கண்ணில் மட்டும் மண் விழுந்திருந்தது. அவள் முந்தானையால் அதைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அங்கம்மாள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

பத்தாம் நாள் கழிந்ததும் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நஷ்ட அறிக்கையில் குடியிருப்பவரின் கையெழுத்து வேண்டும். சந்தனமாரி போனாள்.

நீலகண்டன் எழுந்து நின்று கைகூப்பினார். அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

"என்ன சொல்றதுன்னே தெரியலைம்மா. நல்ல மனுஷன். ஆனா ஒண்ணு... தப்பா நினைக்கப்படாது. தேதி ஜூன் பத்தொன்பது. புது நிதியாண்டு. வர்க்கீஸ் சாருக்கு இருந்த சந்தேகம் தீர்ந்துடுத்து. உத்திரத்தை இனிமே தாராளமா மதிப்பீட்டுல சேர்க்கலாம். அன்னிக்குக் கூட்டத்துலயே நீங்க இந்தத் தேதியைச் சொல்லியிருந்தேள்னா..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அதன் முடிவு எங்கே போகிறது என்று அவருக்கே தெரிந்ததுபோல் இருந்தது. மேசையில் இருந்த தாள்களை ஒழுங்குபடுத்தினார்.

"விதவை நிவாரணம் உங்களுக்கு உண்டு. இந்த நிதியே அதுக்காகத்தானே! பதினோரு ரூபாய் நாலு அணா. என்ன, ஏத்தி இறக்கற வேலையில சாகணும்னு நிபந்தனை இருக்கு. படுத்திருந்தப்போன்னா லண்டன்ல கேக்கணும். கேட்டு எழுதறேன். அதை நான் விடமாட்டேன்."

மெஹருன்னிசா அறிக்கையைக் கொண்டுவந்து அவளுக்கு எதிரே வைத்தாள். இங்கிலீஷில் இருந்தது.

"என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லும்மா," என்றாள் சந்தனமாரி.

மெஹருன்னிசா செயலாளரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு தமிழில் சொன்னாள். "உத்திரம், தேக்கு, ஒண்ணு. நஷ்டம். ஓடு, இருநூத்திப் பத்து. நஷ்டம். குடியிருப்பவர், ஆண், ஒண்ணு. குறைவு. மூணாம் நம்பர் அறை பராமரிப்பு. சேமிப்பு."

"பேரு?"

"பேரு எழுதக் கட்டம் இல்லக்கா."

சந்தனமாரி கையெழுத்துப் போட்டாள். போடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கும் தெம்பு அன்று அவளிடம் இல்லை.

அந்த வருட அறிக்கை ஜூலையில் லண்டனுக்குப் போயிற்று. தோல் அட்டை போட்டு, பொன்னெழுத்துப் பதித்து, 'சென்னை வழியாகச் சென்றது' என்ற முத்திரையோடு. உறையை ஒட்டும் வேலை மெஹருன்னிசாவுடையது. ஒட்டுவதற்கு முன் அவள் ஒரு சிறு தாளில், கையால், இங்கிலீஷில் நாலு வரி எழுதி உள்ளே செருகினாள். இருபத்தேழாம் பக்கத்தில் குறைவு என்று எழுதியிருப்பது ஒரு மனிதர், மூன்றாம் எண் அறைப் பெண்மணியின் கணவர். அவரைத் தாங்கிய மரத்தை இந்த அலுவலகம் எடுத்துக்கொண்டு வந்து கிடங்கில் வைத்திருக்கிறது. உங்கள் அனுமதிக்காகத்தான் இதெல்லாம். அனுமதி கொடுப்பவர் யார் என்று தயவுசெய்து சொல்லுங்கள். வேலை போய்விடும் என்று தெரிந்தே தன் பெயரைக் கீழே எழுதினாள்.

லைன் வீட்டில் சந்தனமாரி அங்கம்மாளின் அறைக்கு மாறினாள். ஆடி பிறந்த பிறகு ஒரு நாள், தோப்பும்படி ஆசாரியைத் தானே போய் அழைத்துவந்தாள். மற்ற ஏழு அறைகளின் உத்திரங்களையும் தட்டிப் பார்க்கச் சொன்னாள். ஐந்தில் அதே பொட்டலச் சத்தம். பதினாலாயிரத்தை எடுத்து ஆசாரி கையில் வைத்தாள்.

"முதல்ல அங்கம்மாளுக்குப் போடுங்க. மீதி அவுகவுக போடட்டும்."

"ஆபீஸ்ல கேட்டாச்சா சேச்சி?"

"கேட்டாச்சு. லண்டன் வரைக்கும் கேட்டாச்சு."

எல்லோரும் நகையை வைத்தும் கடன் வாங்கியும் காசு போட்டார்கள். பதினெட்டு நாளில் ஐந்து உத்திரங்களும் ஏறின. விஷயம் தெரிந்து நீலகண்டனும் வர்க்கீஸும் காலி செய்யும் நோட்டீஸோடு வந்தார்கள். ஏழு அறைக்காரர்களும் முற்றத்தில் வந்து நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. சந்தனமாரி மட்டும் முன்னால் வந்தாள்.

"எழுதிக்கிடுங்க சாரே. அஞ்சு உத்திரம். உபரி. எடுத்துட்டுப் போணும்னா எங்க தலைக்கு மேலேருந்துதான் எடுக்கணும்."

வர்க்கீஸ் பதிவேட்டைப் பிரித்தார். மூடினார். ஏழு குடும்பங்களை ஒன்றாகக் காலி செய்ய வழக்குப் போட வேண்டும். வழக்குச் செலவுக்கு இந்த வருட மதிப்பீட்டில் ஒதுக்கீடு இல்லை என்று நீலகண்டனின் காதில் மெல்லச் சொன்னார். லண்டனுக்கு எழுத வேண்டும். இருவரும் மழைக்கு முன் போய்ச் சேர வேண்டுமென்று கிளம்பினார்கள்.

நவம்பரில் லண்டனிலிருந்து உறை வந்தது. வழக்கமான கார்டு இல்லை. கடிதம். மெஹருன்னிசாவுக்கும் 'மூன்றாம் எண் அறைப் பெண்மணி'க்கும் என்று முகவரி. நீலகண்டன் பிரித்துப் படித்தார். சந்தனமாரியை அழைத்துவரச் சொன்னார். வர்க்கீஸையும் அழைத்தார்.

எழுதியிருந்தவள் ஹெலன் என்ற ஒரு பெண். ஆவணங்களை அடுக்கி வைக்கிறவள்.

"முதல் ஆட்சேபம்," என்றார் வர்க்கீஸ். "இது சென்னை வழியா வரலை."

"இருங்கோ, இருங்கோ." நீலகண்டனின் முகம் மலர்ந்திருந்தது. மெஹருன்னிசா ரகசியமாகத் தாள் செருகியதைக்கூட அந்த நேரத்தில் அவர் மன்னித்துவிட்டார். "எழுபது வருஷத்துல முதல் பதில்! இங்க பாருங்கோ. 'உங்கள் மதிப்பீட்டை அனுமதிக்க இங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை.' தெளிவா எழுதியிருக்கா. அதாவது அனுமதி இல்லை. நாம உத்திரத்தை மறுத்தது சரின்னு லண்டனே சொல்லிடுத்து. இதை நான் கண்ணாடி போட்டு மாட்டப்போறேன்."

"சாரே," என்றாள் சந்தனமாரி. "எனக்கும் எழுதியிருக்குன்னீங்க. மெஹரு படிக்கட்டும்."

மெஹருன்னிசா கடிதத்தை வாங்கினாள். முதலில் தனக்குள் ஒருமுறை படித்தாள். பிறகு ஒவ்வொரு வரியாக நிறுத்தித் தமிழில் சொன்னாள்.

"நான் இந்த இடத்துல பத்தொம்பது வருஷமா வேலை பாக்குறேன். உங்க ஊர் அறிக்கை வருஷா வருஷம் வரும். அழகா இருக்கும். நம்பர் போட்டு அலமாரியில வைப்பேன். அனுமதி கொடுக்க இங்க யாரும் இல்ல. நான் பொறக்குறதுக்கு முன்னாடியே இல்ல. நீங்க யாரும் எங்ககிட்ட எதுவும் கேட்டிருக்க வேண்டியதே இல்ல. இதை எப்பவோ யாராவது உங்களுக்கு ஒரு கடிதாசியா எழுதியிருக்கணும். நான் எழுதியிருக்கணும். கார்டு அனுப்பினா போதும்னு இருந்துட்டேன். உங்க வீட்டுக்காரர் இறந்ததுக்கு நான் ரொம்ப வருத்தப்படுறேன்."

அங்கே அவள் குரல் உடைந்தது. நீலகண்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐந்து மாதத்தில் அலுவலகச் சம்பந்தமுள்ள ஒரு தாளில் வருத்தம் என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

"இன்னும் ஒரு வரி இருக்குக்கா. 'அறிக்கை பூராவும் தேடினேன். அவர் பேரு எங்கயும் இல்ல. அவர் பேரு என்ன?'"

சந்தனமாரி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஜூனிலிருந்து எத்தனையோ பேர் வந்து எத்தனையோ கேட்டிருந்தார்கள். கட்டில் எந்தப் பக்கம் கிடந்தது, சீட்டு எங்கே, கையெழுத்து எங்கே. இதை யாரும் கேட்கவில்லை.

"பதில் எழுதலாமா?" என்றாள்.

"முறைப்படி அது செயலாளர் வழியாத்தான்..." என்று வர்க்கீஸ் தொடங்கினார். நீலகண்டன் ஜன்னல் பக்கமிருந்து திரும்பாமலே, "எழுதட்டும்," என்றார். அவர் அந்த அலுவலகத்தில் தலைப்பு இல்லாமல் கொடுத்த ஒரே அனுமதி அது என்று மெஹருன்னிசா பிறகு சொல்வாள்.

அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள்.

"சொல்லுங்கக்கா. என்ன எழுத?"

"தங்கதுரை."

"அது எழுதுறேன். வேற என்ன?"

சந்தனமாரி வாயைத் திறந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் எதைச் சொல்வது என்று யோசித்தாள்.

"வேற ஒண்ணும் வேண்டாம். அவ அதைத்தான கேட்டா."

மெஹருன்னிசா இங்கிலீஷில் பெயரை எழுதித் தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். சந்தனமாரிக்கு அந்த எழுத்துகள் தெரியாது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"இதுதானா அவுக?"

"இதுதான்க்கா."

"இன்னொரு தடவை எழுதும்மா. ஒண்ணு தொலைஞ்சாலும் ஒண்ணு இருக்கட்டும்."

மெஹருன்னிசா அதற்குக் கீழே, இன்னும் கொஞ்சம் பெரிதாக, இன்னொரு முறை எழுதினாள்.